ஹாலந்துக்காரர் குடிவந்த வீடு

அந்த வீட்டுக்கு ஷீலா முதல் தடவை போனபோது அவளுக்காகக் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. அஸ்தினாபுரத்தில் ஒரு முட்டுச்சந்து. கடைசியில் பச்சைக் கேட் போட்ட மாடி வீடு. கேட்டில் டு லெட் பலகை. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஷீலா, ட்யூட்டி முடிந்த கையோடு வந்து மணியை அழுத்தினாள். வீட்டுக்காரர் அச்சுதன் எட்டிப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்மா," என்றார்.

வீடு பார்க்க வந்திருப்பதாக ஷீலா சொன்னாள். அவர் அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்துவிட்டு, சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, கவுச்சி சமைப்பீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், நேற்றே ஒரு பார்ட்டி பேசி முடித்துவிட்டதாகவும் பலகையைக் கழற்றத்தான் மறந்துவிட்டதாகவும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஷீலா நல்ல கறுப்பு. துணிக்கடைக்குப் போனால் அவள் கேட்காமலேயே விலை குறைந்த அலமாரிப் பக்கம் கை காட்டுவார்கள். அதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். ஆனால் அடுத்த வாரமும் அதே பலகை அதே இடத்தில் தொங்கியதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அவளுக்கு வீடு அவசரமாக வேண்டியிருந்தது. அனகாபுத்தூரில் அவளும் கணவன் பென்னியும் குடியிருந்த வீட்டுக்குள் ஒவ்வொரு பெருமழைக்கும் அடையாறு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். போன மழையில் கேஸ் சிலிண்டர் தானாக மிதந்து வாசல்வரை வந்துவிட்டது.

பென்னிக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பில் நிறம் கிடையாது. தோல், தலைமுடி, புருவம், இமை எல்லாமே வெளுப்பு. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவில் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள்: பால்கோவா, டியூப்லைட், தொர. வீடு கேட்டுப் போன ஒன்றிரண்டு இடங்களில், இது ஒட்டிக்கொள்ளுமா என்று தள்ளி நின்று கேட்டிருக்கிறார்கள். வெயில் பட்டால் கண் கூசும், தோல் எரியும். அதனால் அவன் தேடிக்கொண்ட பிழைப்பும் நிழலுக்குள்தான். சரக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தெருத் தெருவாக விளம்பரம் செய்கிறார்களே, அதற்குக் குரல் கொடுப்பவன் அவன். தாம்பரம் மார்க்கெட்டில் பாதிக் கடைகளின் ஆடித் தள்ளுபடி அவன் தொண்டையிலிருந்து கிளம்பியதுதான். பேசிப் பிழைக்கிறவன், வேலை இல்லாத நேரத்திலும் சும்மா இருக்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் வாயைத் திறக்க முடியாமல் போன ஒரு நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று காலை கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து அனுப்பியிருந்தார்கள். ஷீலா ஸ்கூட்டரை ஓட்ட, பென்னி பின்னால் உட்கார்ந்திருந்தான். தலையில் அகல விளிம்புத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ரத்தம் பட்டுவிட்டதென்று பேன்ட்டைக் கழற்றிவிட்டு, பைக்குள் இருந்த அரை டிராயரைப் போட்டுவிட்டிருந்தாள். வெயில் தாங்காமல் அவன் தோளைத் தட்ட, ஷீலா நிழலைத் தேடி அந்த முட்டுச்சந்துக்குள் திருப்பினாள். அங்கே இருந்த ஒரே நிழல் அச்சுதன் வீட்டு வாசலில் நின்ற பாதாம் மரத்தின் நிழல். விரட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை நிறுத்தினாள்.

அச்சுதன் வெளியே வந்தார். பென்னியைப் பார்த்தார். உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலியும் மறு கையில் விரித்த குடையும் இருந்தன.

"ப்ளீஸ் சிட், சார். டூ மச் சன்," என்றார். அவர் மனைவி ரத்தினபாய் பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு வந்து, பாதியில் என்ன தோன்றியதோ, திரும்பிப் போய்க் கண்ணாடி டம்ளரில் மாற்றிக்கொண்டு வந்தாள்.

எந்த நாடு என்று அச்சுதன் இங்கிலீஷில் கேட்டார். பென்னிக்கு இங்கிலீஷ் அரைகுறை. எந்த ஊர் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, பிறந்து வளர்ந்த ஆலந்தூரைச் சொன்னான். பஞ்சைத் தாண்டி வெளியே வந்தது முக்கால்வாசிதான்.

"ஆலந்த்..."

"ஹாலந்தா?" அச்சுதனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "டியூலிப்ஸ். வின்ட்மில். வெரி நைஸ் கன்ட்ரி, சார்."

ஷீலா திருத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். அச்சுதனின் தலைக்கு மேலே டு லெட் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். சாருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று ரத்தினபாய் அவளிடம் விசாரித்தாள். மனைவி என்றாள். லவ் மேரேஜா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். வீடு தேடுகிறீர்களா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றாள். அவள் அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம். முந்தைய பார்ட்டி மாயமாக மறைந்துவிட்டது. அட்வான்ஸ் பற்றி அவள் பேச்செடுத்தபோது அச்சுதன் கையை உதறினார், முடிந்ததைக் கொடுங்கள் என்று. கவுச்சியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெளிநாட்டுக்காரரிடம் ஆதார் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அவரே முடிவு செய்து, ஒப்பந்தத்தை ஷீலா பெயரில் போட்டார். சில வாரம் முன்பு கேட் திறக்காமல் அனுப்பிய பெண் இவள்தான் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

குடிவந்த அன்று ஷீலாவுக்கு வெட்கமாக இருந்தது. வீடு நல்ல காற்றோட்டமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே அனுபவித்தாள்.

பென்னிக்குத்தான் பாடு. வீட்டுக்குள் கிசுகிசுப்பாகப் பேசினான். மாடிப்படி இறங்கினால் வாய்க்குப் பூட்டு. தண்ணீர் கேன்காரரிடம் ஓகே, பால்காரரிடம் ஓகே, இடித்துவிட்டுப் போன சைக்கிள்காரனிடமும் ஓகே. காய்கறி வண்டியில் மட்டும் அவனுக்கு எல்லாரையும்விட அதிக விலை சொன்னார்கள். பேரம் பேசவும் முடியாமல், கத்தரிக்காயை வெறித்துப் பார்த்துவிட்டு வருவான். கீழேயிருந்து ரத்தினபாய், சாருக்குக் காரம் ஆகாது என்று அவித்த பீன்ஸும் ஜாம் தடவிய ரொட்டியும் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொறுமை போய்விட்டது. "இனிமே என்னால முடியாது ஷீலா. நீ இன்னிக்கு கருவாட்டுக் குழம்பு வெக்கிற. இல்லாங்காட்டி நான் கீழ போய் உண்மைய சொல்லிடுவேன்," என்றான்.

ஜன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டுதான் ஷீலா நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் போட்டாள். கருவாட்டு வாசனைக்கு ஜன்னல் ஒரு பொருட்டா? அரை மணியில் ரத்தினபாய் படியேறி வந்து கதவைத் தட்டினாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறாள் என்று ஷீலா கரண்டியும் கையுமாக நின்றாள். ரத்தினபாய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சார் ஊரு சீஸா? நல்லா வாசனையா இருக்கு," என்று சொல்லி, ஒரு கிண்ணம் அவித்த காலிஃபிளவரை வைத்துவிட்டுப் போனாள். பின்போர்ஷனில் குடியிருந்த வாத்தியார் குடும்பம் முட்டை வறுத்ததற்கே அதே ரத்தினபாய் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்ததை ஷீலா பார்த்திருந்தாள்.

ஆடி மாதம் பிறந்ததும் இன்னொரு சோதனை. ஒரு நாள் மாலை பென்னி பால்கனியில் நின்றிருந்தபோது சரக்கு ஆட்டோ ஒன்று சந்துக்குள் நுழைந்தது. குக்கர் வாங்கினால் கடாய் இலவசம், ஓடி வாங்க ஓடி வாங்க என்று பென்னியின் குரலே அவன் காதைப் பிளந்தது. கீழே நின்ற அச்சுதன் அண்ணாந்து பார்த்து, பொறுத்துக்கொள்ளுங்கள் சார், நாகரிகமே இல்லாத குரல், கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருக்கிறது என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். பென்னி ஓகே என்றான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சுதந்திர தினம் வந்தது. தெரு நலச்சங்கத்தில் யார் கொடியேற்றுவது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை வருமாம். இந்த வருடம் அச்சுதன் எழுந்து ஹாலந்து சார் பெயரைச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் ஒத்துக்கொண்டதாம். செய்தியைச் சொல்ல அவர் மாடிக்கே வந்தார்.

ஷீலாவால் இதை மட்டும் விழுங்க முடியவில்லை. "வெள்ளைக்காரங்க போனதுக்குத்தானே சார் இந்தக் கொடியையே ஏத்துறோம்?" என்று கேட்டாள்.

"அது பிரிட்டிஷ்காரன்மா. இவர் ஹாலந்து. அது வேற கம்பெனி," என்றார் அச்சுதன்.

பென்னி கொடியேற்றினான். கொடியிலிருந்து பூ கொட்டியபோது அவனுக்குக் கண் கலங்கியது. வெயில் கூச்சமாகவும் இருக்கலாம். ஒரு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அவன் நெஞ்சு விம்மியதை ஷீலா பார்த்தாள். கண்ணாலேயே மிரட்டினாள். பென்னி மூச்சை அடக்கிக்கொண்டு, "வணக்கம்," என்று மட்டும் சொன்னான். கைதட்டல் ஓயவே இல்லை. எத்தனை அழகாகத் தமிழ் பேசுகிறார் என்று ஷீலாவிடமே வந்து சொன்னார்கள். முப்பது வருடமாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் அவளுக்கு ஒருவரும் கை தட்டியது கிடையாது.

புரட்டாசியில் பின்போர்ஷன் வாத்தியார் குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது. பலகை மறுபடி கேட்டில் ஏறியது. ஒரு சனிக்கிழமை பகல், அச்சுதன் மூச்சு வாங்கப் படியேறி வந்து பென்னியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். தொப்பி எடுக்கக்கூட அவகாசம் தரவில்லை. என்னவோ ஏதோ என்று ஷீலாவும் பின்னாலேயே இறங்கினாள்.

கேட்டுக்கு வெளியே உயரமாக ஒரு இளைஞன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. ஆப்பிரிக்காக்காரன் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வெயிலில் அவன் நெற்றி வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. நாற்காலியும் வரவில்லை, குடையும் வரவில்லை.

அச்சுதன் பென்னியின் காதருகே குனிந்து, வீடு காலி இல்லை என்று இவனிடம் நல்ல இங்கிலீஷில் சொல்லி அனுப்பிவிடுங்கள், நீங்கள் சொன்னால் மனசு நோகாமல் கேட்டுக்கொள்வான் என்றார். பலகை இரண்டு அடி தள்ளித்தான் தொங்கியது.

பென்னி தொண்டையைச் செருமினான். அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது தெரியவில்லை. அதற்குள் அந்த இளைஞன் அவனையே உற்றுப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டான்.

"அண்ணா, நீங்க தொப்பி இல்லாம வெயில்ல நிக்கக் கூடாதுணா. என் சித்தப்பா பையனும் உங்கள மாதிரிதான். தோலு புண்ணாய்டும். இப்படி நெழலாண்ட வாங்க."

முதலில் ஷீலாவுக்கு அந்தத் தமிழ்தான் ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. பென்னியைப் பார்த்து வியாதி என்று விலகினவர்கள் உண்டு, வெளிநாடு என்று வழிந்தவர்கள் உண்டு. பார்த்தவுடன் இன்னதென்று புரிந்துகொண்டு, அவன் தோலுக்காகக் கவலைப்பட்ட அந்நியர் ஒருவரைக்கூட அவள் இதுவரை பார்த்ததில்லை.

பென்னி நிழலுக்குப் போனான். மூன்று மாதப் பூட்டு அங்கே கழன்றது. "உன் தம்பி இப்ப இன்னா பண்ணிகினு கீறாம்பா?" என்று கேட்டான்.

"ஸ்கூல் டீச்சர்ணா. எங்க ஊர்ல இப்படிப் பொறந்தவங்களுக்கு ரொம்ப பேஜாரு. மாந்திரீகத்துக்குன்னு தூக்கினு பூடுவானுங்க. சின்ன வயசுல தனியா வெளியவே வுட மாட்டோம்."

அவன் பெயர் ஜூமா. ஊர் தான்சானியா. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான் படித்தான். தாம்பரத்துப் பையன்களோடு ஒரே ரூமில் கிடந்து தமிழ் பழகினான். இப்போது பெருங்களத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. இத்தனையும் பென்னி விசாரித்துத் தெரிந்துகொண்டான். அவர்கள் பேசப் பேச அச்சுதன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். குக்கர், கடாய் என்று அவர் உதடு முணுமுணுத்தது.

"நீங்க ஹாலந்து இல்லையா?" என்றார் கடைசியில்.

"ஆலந்தூருன்னு அன்னிக்கே சொன்னேன் சார். வாயில பஞ்சு கீதேன்னு நீங்க பாத்திருக்கணும்," என்றான் பென்னி.

அச்சுதனுக்குக் கோபம் வர இரண்டு நிமிடம் ஆயிற்று. வந்தபோது பெரிதாக வந்தது. ஏமாற்றிக் குடிவந்துவிட்டீர்கள், இந்த மாதமே காலி செய்ய வேண்டும் என்று கத்தினார். பென்னி தலையைக் குனிந்துகொண்டான். ஷீலா குனியவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன் சார். முதல் தடவை தனியா வந்தேன். வேலைக்கு ஆள் இருக்குன்னீங்க. ரெண்டாவது தடவை இவரோட வந்தேன். குடை பிடிச்சீங்க. நாங்க எதையும் மாத்திச் சொல்லலை. யாரு யாரை ஏமாத்துனதுன்னு நீங்களே சொல்லுங்க."

அச்சுதன் அவள் முகத்தை உண்மையாகவே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை. "எப்பம்மா தனியா வந்தே?" என்றார். அது அவருக்கு நினைவில்லை. கத்தினதைவிட அதுதான் ஷீலாவுக்கு வலித்தது. இத்தனை மாதம் ராத்திரி பகலாக அவள் மென்றுகொண்டிருந்த ஒரு விஷயம், அவர் மனசில் தூசியாகக்கூட ஒட்டவில்லை.

வழக்கைத் தீர்த்துவைத்தது ரத்தினபாய்தான். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கொடியேற்றினவர் ஆலந்தூர்க்காரர் என்று சங்கத்தில் போய் நீங்கள் சொல்வீர்களா, இல்லை நான் சொல்லட்டுமா?

அச்சுதனின் கோபம் பொசுக்கென்று அணைந்தது. நலச்சங்கச் செகரட்டரி சம்பத்தின் முகம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். எழுந்து வந்து பென்னியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பொறுத்தவரை நீங்கள் ஹாலந்தாகவே இருந்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார். பென்னி ஷீலாவைப் பார்த்தான். ஷீலா, வெயிலில் இன்னும் நின்றிருந்த ஜூமாவையும் அவனுக்குப் பக்கத்திலிருந்த பலகையையும் பார்த்தாள். அச்சுதனே போய்ப் பலகையைக் கழற்றினார்.

ஜூமா அடுத்த ஞாயிறே இரண்டு பெட்டிகளோடும் ஒரு மிக்ஸியோடும் வந்து சேர்ந்தான். ரத்தினபாய் ஒரு நாள் ஷீலாவைத் தனியாகப் பிடித்து, அந்த சீஸ் உண்மையில் என்ன என்று கேட்டாள். நெத்திலிக் கருவாடு என்றதும் ரத்தினபாய் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். நாகர்கோவில் பக்கம் பிறந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் மீன் வாடையே இல்லாமல் இத்தனை வருடத்தை ஓட்டியவள். அடுத்த தடவை வைக்கும்போது ஒரு கிண்ணம் கொடு, அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

தெருவில் ஜூமாவை என்னவென்று அறிமுகப்படுத்துவது என்பதுதான் அச்சுதனுக்கு அடுத்த கவலை. கணக்கு வேலை என்று சொன்னால் எடுபடாது என்று தானாகவே முடிவு செய்து, பெரிய ஃபுட்பால் பிளேயர், அவர் நாட்டுக்கே ஆடவேண்டியவர் என்று சொல்லிவைத்தார். பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம், உடம்பைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். பக்கத்து நகரோடு நடக்கவிருந்த பந்தயத்துக்கு அவனைக் கேப்டனாகவும் போட்டுவிட்டார்கள்.

ஜூமா பிறந்ததிலிருந்து பந்தை உதைத்ததில்லை. பந்து முகத்துக்கு நேராக வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். இல்லை என்று சொல்லிப் பார்த்தான். தன்னடக்கம் என்றார்கள். மொட்டை மாடியில் ஷீலாதான் அவனுக்குப் பந்து போட்டுப் பழக்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியவள், அதனால் அவன் நன்றாகக் கையால் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அது ஃபுட்பாலுக்கு உதவுகிற பழக்கம் இல்லை.

பந்தய நாளில் மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஹாலந்து சாருக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தில் அச்சுதனும் ரத்தினபாயும். பென்னியின் தலைக்கு மேலே ஷீலா குடை பிடித்திருந்தாள். இடைவேளைக்குள் எதிரணி ஐந்து கோல் போட்டுவிட்டது. அதில் ஒன்று ஜூமாவின் முதுகில் பட்டு உள்ளே போனது. காலில் பழைய காயம், அதனால்தான் தயங்குகிறார் என்று அச்சுதன் சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடத்தில் எப்படியோ பந்து ஜூமாவின் காலடியில் வந்து நின்றது. எதிரே கோல் காலி. கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான். ஜூமா பந்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

பென்னியால் முடியவில்லை. நாற்காலியை உதறிவிட்டு எழுந்தான். தாம்பரம் மார்க்கெட்டையே கூப்பிடும் அந்தக் குரல் முழுசாகக் கிளம்பியது.

"டேய் ஜூமா, கண்ண தொறடா கஸ்மாலம். இன்னாத்துக்கு நின்னுகினு கீற? ஒரே ஒதை வுடுறா நைனா."

ஜூமா பதறிப்போய் உதைத்தான். பந்து உருண்டு, உருண்டு, கோட்டைத் தாண்டியது. ஆனால் மைதானத்தில் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் பென்னியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்தது கதை என்று ஷீலா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் நிம்மதியாகவும் இருக்கும் என்று ஒரு பக்கம் தோன்றியது. அடுத்த வீடு எங்கே தேடுவது என்று இன்னொரு பக்கம் கணக்குப் போட்டது.

செகரட்டரி சம்பத் எழுந்து வந்தார். பென்னியின் கையைப் பற்றிக் குலுக்கினார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"வந்து நாலு மாசம்கூட ஆகலை. நம்ம மெட்ராஸ் பாஷைய எப்படிப் பிடிச்சிட்டார் பாருங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

கூட்டம் கைதட்டியது. கோல் போட்ட ஜூமா தனக்குத்தான் என்று நினைத்து இரண்டு கைகளையும் தூக்கினான். ஷீலா குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து அச்சுதன் அடக்கமாகச் சொல்வது கேட்டது.

"நான்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்குடுத்தேன்."